மத்தியான மாத்திரை

எங்கள் தெருவில் டைபாய்டுக்கு மருந்து சொல்லத் தெரியாத ஆள் கிடையாது. குழாயடியில் குடத்தோடு நிற்கிறவள் சொல்வாள், மீன் கூடைக்காரி சொல்வாள், சைக்கிளுக்குக் காற்றடிக்கிறவன்கூடச் சொல்வான். "அந்த வெள்ளை கேப்சூலைப் போடு, ஜொரம் பறந்துடும்" என்பார்கள். எல்லோர் வீட்டிலும் யாராவது ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு எழுந்து நடமாடியிருந்ததால் எல்லோருமே டாக்டர்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் ராயபுரம் கடற்கரைப் பக்கம் வாழ்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்களுக்கு எங்கள் தண்ணீரைப் பற்றிச் சொன்னால் போதும். குழாயில் முதல் குடம் கலீஜாக வரும். அதைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு இரண்டாவது குடத்திலிருந்து குடிப்போம். சாக்கடையும் குழாயும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன.

என் பெண்ணுக்கு ஜுரம் வந்தபோது அவள் பள்ளிக்கூடம் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒரே பெண். தெருமுனை கம்பவுண்டர் அதே வெள்ளை கேப்சூலைத்தான் கொடுத்தார். நானும் அதை உடைத்து, உள்ளே இருக்கிற பொடியைச் சர்க்கரையில் குழைத்து ஊட்டினேன். ஒரு வாரம் ஊட்டியும் ஜுரம் இறங்கவில்லை. வயிறு உப்பிக்கொண்டது, நாக்கில் மாவு பூசினதுபோல் வெள்ளை படர்ந்தது, கூப்பிட்டால் கண்ணைத் திறந்து யாரோ என்பதுபோல் பார்த்தாள். அதற்குமேல் கம்பவுண்டரை நம்ப எனக்குப் பொறுமை இல்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.

அங்கே ஒரு டாக்டர் இருந்தார். வயது அதிகமில்லை, ஆனால் தூக்கம் கெட்ட முகம். முந்தி என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "இப்பல்லாம் அது சில பேருக்குக் கேக்கறது இல்லம்மா" என்றார். பிள்ளையின் கையிலிருந்து ரத்தம் எடுத்தார். அவள் கத்தின கத்தலில் எனக்கு அவர்மேல் கோபம் வந்து, எதற்கு இவ்வளவு ரத்தம் என்று கேட்டேவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இந்த ரத்தத்தில் இருக்கிற கிருமியை ஒரு தட்டில் வளர்ப்போம், அதன்மேல் ஒவ்வொரு மருந்தாக வைத்துப் பார்ப்போம், எந்த மருந்தைச் சுற்றி அது வளராமல் நிற்கிறதோ அதுதான் உன் பெண்ணுக்கு மருந்து என்று சொன்னார். அப்புறம் அவளைத் தராசில் நிற்க வைக்க முடியாமல் என்னோடு சேர்த்து நிறுத்தி, என்னைத் தனியாக நிறுத்தி, கழித்துப் பார்த்தார். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது என்றார்.

எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. ரவிக்கைக்கு அளவெடுக்கிற மாதிரி என் பிள்ளைக்கென்று அளவெடுத்து ஒரு மருந்து. தெருவில் யார் வீட்டுக்கும் அப்படி ஒன்று கிடைத்ததில்லை. பெருமையாகக்கூட இருந்தது. படுக்கையில் பிள்ளை கிடக்கும்போது தாய்க்கு என்ன பெருமை என்று கேட்பீர்கள். பயந்துகொண்டே இருக்கிறவளுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இங்கே என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் கொருக்குப்பேட்டைப் பெண். என் அப்பா ரயில்வேயில் கூட்ஸ் யார்டில் வேலை பார்த்தார், மாதம் பிறந்தால் சம்பளம். நான் வாழ்க்கைப்பட்டது கடல் தொழில் செய்கிற வீட்டில். இரண்டு வீட்டாரும் ஒரே மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் என்பதைத் தவிர ஒற்றுமை எதுவும் கிடையாது. எனக்கு எல்லாவற்றையும்விட விசித்திரமாக இருந்தது பங்கு. பிடித்த மீனை மணலில் கொட்டி வலைக்கு ஒரு பங்கு, கட்டுமரத்துக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பார்கள். ஒருவன் உடம்பு சரியில்லாமல் கரையில் படுத்திருந்தாலும் அவன் பங்கு அவன் வீடு தேடிப் போகும். கேட்டு வாங்குகிறதுமில்லை, கொடுத்ததைச் சொல்லிக்காட்டுகிறதுமில்லை. கல்யாணமான புதிதில் இதைப் பார்த்து நான் அசந்துபோனேன். யார்டில் என் அப்பா காலை உடைத்துக்கொண்டு கிடந்தபோது ஒரு ஆள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இவர்கள் நல்ல ஜாதி மனுஷர்கள் என்று நினைத்தேன். இப்போதும் அந்த வழக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

என் வீட்டுக்காரரோடு கட்டுமரத்தில் போகிற கூட்டாளி ஒருவர் உண்டு. இரண்டு பேரும் அரைக்கால் சட்டை போட்ட வயதிலிருந்து ஒன்றாகக் கடலுக்குப் போகிறவர்கள். கல்யாணம் ஆகாத ஆள், இரண்டு சந்து தள்ளி ஒரு அறையில் தனியாக இருந்தார். என்னை அண்ணி என்றும் அவரை அண்ணாத்தே என்றும் கூப்பிடுவார். பண்டிகை என்றால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என் பெண்ணுக்கு அவர் தோள்தான் குதிரை.

அவரும் அதே சமயத்தில் படுத்துக்கொண்டார். ஜுரம். குடித்த தண்ணீர் ஒன்றுதானே. நான் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். அவர் மாட்டேன் என்றார். அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது அவருடைய அப்பாவை வாந்திபேதி என்று ஆஸ்பத்திரி வண்டி வந்து தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. போனவர் திரும்பவில்லை, உடம்பையும் காட்டவில்லை. "அந்த வாசல்ல நான் கால் வெக்க மாட்டேன் அண்ணி" என்று சொல்லிவிட்டார். என் பிள்ளைக்கே பார்க்க நேரமில்லாதபோது வளர்ந்த ஆம்பிளையோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு ஏது. மத்தியானத்தில் கஞ்சி காய்ச்சும்போது அவருக்கும் சேர்த்துக் காய்ச்சி, தூக்கில் ஊற்றி என் வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்புவேன்.

தட்டில் வளர்த்துப் பார்த்த முடிவு வந்த அன்றைக்கு என் பிள்ளையைத் தூக்கக்கூட முடியாத நிலை. நான் வீட்டில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், என் வீட்டுக்காரர் போய் டாக்டரைப் பார்த்து மருந்து வாங்கி வந்தார். காகித உறையில் வேறு நிறக் கேப்சூல்கள்.

"இன்னா சொன்னாரு?" என்றேன்.

"அந்த வெள்ள மாத்திரைய நாம எவ்ளோ குடுத்தாலும் கேக்காதாம். இத்தான் கேக்குமாம். காத்தால ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஜொரம் வுட்டாலும் நிறுத்தக் கூடாதாம். மாத்திர ஆஸ்பத்திரிலேயே குடுப்பாங்க, தீரத் தீர நான் போய் வாங்கியாறேன்."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னா சொல்ல மாட்டனா?"

நான் அவர் சொன்னபடியே செய்தேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. உடைத்து, சர்க்கரையில் குழைத்து, அவள் துப்பினால் துப்பினதையும் வழித்து ஊட்டினேன். அந்தப் பொடி பட்ட விரலை நக்கிப் பார்த்தேன், அப்படி ஒரு கசப்பு. பிள்ளை அழும்போது நானும் கொஞ்சம் சாப்பிட்டுக் காட்டுவதுபோல் நடிப்பேன். ஜுரம் மெல்ல மெல்ல இறங்கியது. விட்ட பிறகும் நான் நிறுத்தவில்லை. வாங்கி வந்தது தீருகிறவரை கொடுத்தேன். அவள் எழுந்து உட்கார்ந்து பொம்மையைக் கேட்ட அன்றைக்குக் கோயிலில் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

அது நிலைக்கவில்லை. கொஞ்ச நாள் போனதும் ஒரு சாயங்காலம் அவள் உடம்பு மறுபடி கொதித்தது. இந்தத் தடவை முன்னைவிட மோசம். மலத்தில் ரத்தம் போயிற்று. ஆட்டோவோ டாக்சியோ தேடவில்லை, எங்கள் தெரு மீன் வண்டியில் ஓலையைப் பரப்பிப் பிள்ளையைப் படுக்க வைத்து இரண்டு பேரும் தள்ளிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அதே டாக்டர். பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மருந்தை வேளை தவறாம கொடுத்தியா?"

"ஒரு வேளை தவறல சார்."

"பொய் சொல்லாதே. ஜுரம் விட்டதும் நிறுத்திட்டே, அதானே?"

"மாதா மேல சத்தியமா நிறுத்தல சார். என் கையால குடுத்தேன்."

"உங்க மாதிரி ஆளுங்களுக்காக ரத்தம் எடுத்து, தட்டுல வளர்த்து, எது கேக்கும்னு பாத்துப் பாத்துக் கொடுக்கறோம். நீங்க வீட்டுக்குப் போய் பாதி கொடுத்துட்டு மீதியைப் பெட்டில வெச்சுப்பீங்க. அரைகுறையாக் கொடுத்தா கிருமி மருந்துக்குப் பழகிக்கும், தெரியுமா? பெத்த பிள்ளைக்கு மாத்திரை கொடுக்கக்கூடவா சோம்பேறித்தனம்?"

வார்டில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். பக்கத்துக் கட்டில்காரி வாயில் சேலையை வைத்துக்கொண்டாள்.  என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். நீயாவது சொல்லேன், நான் ராவும் பகலும் கண் முழித்துக் கொடுத்தது உனக்குத் தெரியாதா என்பதுதான் அந்தப் பார்வை. அவர் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயத்தில் மனுஷன் மரத்துப்போய்விட்டார் என்று நினைத்து எனக்கு அவர்மேல் இரக்கம்தான் வந்தது. அந்த இரக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

மறுபடி ரத்தம் எடுத்தார்கள், மறுபடி தட்டில் வளர்த்தார்கள். அதே மருந்துக்கு அந்தக் கிருமி இன்னும் அடங்குகிறது என்று முடிவு வந்தது. டாக்டர் அதை நல்ல சேதியாகத்தான் சொன்னார், ஆனால் சொன்ன விதம் வேறு. "மருந்து மேல தப்பு இல்ல. கொடுத்த கைமேலதான் தப்பு" என்றார். அப்புறம் என்னிடம் மாத்திரையே கொடுக்கவில்லை. முதலில் ஊசி போட்டார்கள், அப்புறம் நர்ஸே வந்து வாயில் போட்டுவிட்டுப் போவார். நான் கட்டிலுக்குக் கீழே கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் பிள்ளையைப் பட்டினி போட்டவளைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்கள்.

நர்ஸ் காலையில் வந்தார், மத்தியானம் வந்தார், சாயங்காலம் வந்தார், ராத்திரியும் வந்தார். இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாவது நாள் கேட்டேன்.

"இந்தத் தபா ஜாஸ்தியா குடுக்கறீங்களா சிஸ்டர்? போன தபா ரெண்டு வேளைதானே?"

"ரெண்டு வேளையா? டைபாய்டுக்கு எப்பவும் நாலு வேளைதாம்மா" என்று சொல்லிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? தோன்றவில்லை. போன தடவை ஜுரம் கொஞ்சமாக இருந்ததால் டாக்டர் குறைத்துக் கொடுத்திருப்பார், இந்த நர்ஸுக்கு அது தெரியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் குடிப்பார், கோபம் வந்தால் தட்டைத் தள்ளுவார், இதெல்லாம் எனக்குத் தெரியும். மருந்து விஷயத்தில் பொய் சொல்வார் என்பது என் புத்திக்கு எட்டுகிற இடத்தில் இல்லை.

பிள்ளை பிழைத்தாள். வீட்டுக்குக் கொண்டுவரும்போது எலும்பும் தோலும்தான். தலையில் கை வைத்தால் முடி கொத்துக் கொத்தாக வந்தது. இடது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பவில்லை. முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். அந்தக் காது அன்றிலிருந்து கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த நாலைந்து நாளில் கூட்டாளி வந்தார். அவரும் மெலிந்து, அவருக்கும் முடி உதிர்ந்து, ஆனால் நிமிர்ந்து நடந்து வந்தார். கையில் ஒரு பெரிய வஞ்சிரம். எழுந்து கடலுக்குப் போன முதல் நாள் பிடித்ததாம். மீனை முறத்தில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், கோயிலில் நிற்கிற மாதிரி.

"அண்ணி, நான் இன்னிக்கு உசுரோட கீறேன்னா அது உன்னாலதான்."

"கஞ்சிக்கா இவ்ளோ பெரிய மீனு?" என்று சிரித்தேன்.

"கஞ்சி கெடக்குது அண்ணி. மருந்து குடுத்தனுப்பிச்சியே. பாப்பா மருந்துலேர்ந்து எடுத்து எனக்கும் குடுத்தனுப்ப யாருக்கு மனசு வரும்? அண்ணாத்தே மத்தியானம் கஞ்சியோட ஒண்ணு, சாயங்காலம் வந்து ஒண்ணு, அவரே வாய்ல போட்டாரு. வோணாம்னேன். 'உங்க அண்ணிதான் குடுக்கச் சொன்னா, பேசாம முழுங்குடா'ன்னாரு. எங்க அம்மா இருந்தாக்கூட இப்டிச் செஞ்சிருக்க மாட்டா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவிருக்கிறது. "ஒடம்பப் பாத்துக்கோ, வெய்யில்ல அலையாதே" என்றேன். வேறு என்ன சொல்வது? அந்த ஆள்மேல் ஒரு தப்பும் இல்லை. அவர் என் பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அந்த இரண்டும் என் பிள்ளையின் வாய்க்குப் போக வேண்டியவை. என் கையால் காய்ச்சின கஞ்சியை என் கையாலேயே தூக்கில் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன், என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் என் பிள்ளையின் மாத்திரை இருந்திருக்கிறது. "சூடா கீது, பாத்து எடுத்துகினு போ" என்று வேறு சொல்லியிருக்கிறேன்.

பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மீனை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். என் வீட்டுக்காரர் கட்டுமரத்தின் நிழலில் தனியாக உட்கார்ந்து வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். மீனை வலைமேல் போட்டேன். அவர் மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"டாக்டரு நாலு வேளைன்னு சொன்னாரா, இல்லியா?"

அவர் மீனை எடுத்து வலையிலிருந்து தள்ளி வைத்தார்.

"கேக்கறனே, சொன்னாரா?"

"சொன்னாரு."

"ரெண்டு வேளைன்னு என்கிட்ட ஏன்யா சொன்னே?"

"அவன் அங்க சாவக் கெடந்தான் மே. அதே ஜொரம். அவனுக்கும் அந்த வெள்ள மாத்திர கேக்கல. ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன்றான். ஒரே வலையில ரெண்டு பேரு. இத்தினி வருஷமா எது வந்தாலும் அவனுக்கொண்ணு எனக்கொண்ணு. மருந்துன்னு வந்தா மட்டும் நான் பாத்துகினு இருக்கணுமா?"

"அது உன் பங்கு இல்லியே. பாப்பா பங்கு."

"பாப்பாவுக்கும்தான் குடுத்தோம். ஜொரம் எறங்கிச்சுல்ல? பாதி போட்டாலும் கேக்கும்னுதான் நெனச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அப்போதுதான் அவர் என்னை நேராகப் பார்த்தார். "கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

இதற்கு மேல் ஒரு மனுஷியிடம் என்ன சொல்ல முடியும்? கேட்டால் மறுப்பாள் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. மறந்துபோய் இல்லை, அவசரத்தில் இல்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் வலையை வாரிச் சுருட்டி வீச வேண்டும்போல் இருந்தது.

"சரி, அது போவட்டும். ஆஸ்பத்திரில அத்தினி பேரு முன்னால அந்த டாக்டர் என்னைச் சோம்பேறின்னு கேட்டப்போ நீ ஏன்யா வாயத் தொறக்கல? நான் மாதா மேல சத்தியம் பண்ணேனே. பக்கத்துலதானே நின்னுகினு இருந்தே?"

 அவர் வலையில் ஒரு கண்ணைத் தேடித் தேடி விரலை விட்டுக்கொண்டிருந்தார். மாத்திரையைப் பங்கு போட்டதையாவது, பாழாய்ப்போன பாசம் என்று என்றைக்காவது ஒருநாள் நான் விழுங்கியிருப்பேன். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாரே, அதை விழுங்க முடியவில்லை. கிருமியைக்கூடத் தட்டில் வைத்து வளர்த்து இன்னது என்று கண்டுபிடித்தார்கள். பக்கத்தில் படுக்கிற மனுஷனைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழியும் இல்லாமல் போயிற்று.

பிள்ளையை மறுபடி காட்டச் சொன்ன நாளில் நான் மட்டும் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். என் பேரைக் கழுவிக்கொள்ளத்தான் சொன்னேன், அதை மறைப்பானேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில் "அன்னைக்குக் கத்திட்டேம்மா, மனசுல வெச்சுக்காதே" என்றார். கத்தினது வார்டு நடுவில், வருத்தப்படுவது தனி அறையில். அதையும் அத்தனை பேரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன்.

அவர் பிறகு கேட்டார். "அந்த ஆள் என்ன எடை இருப்பார்?"

"நல்ல ஆளு சார். என்னை மாதிரி ஒண்ணரை மடங்கு."

அவர் தலையை ஆட்டினார். "இந்த அளவு உன் பொண்ணோட எடைக்குப் போட்டது. அதுல பாதி அந்த உடம்புக்கு எந்த மூலைக்கும்மா? அது அவரைக் காப்பாத்தியிருக்காது. சில பேருக்கு உடம்பே போராடித் தானா சரியாயிடும். அவர் மருந்தே சாப்பிடாம இருந்தாலும் அநேகமா எழுந்திருப்பார்." பிறகு, அந்த ஆளை ஒருமுறை வரச்சொல், ஜுரம் போனாலும் கிருமி சிலர் உடம்பில் தங்கிக்கொள்ளும், பார்த்துவிடலாம் என்றார்.

வழியெல்லாம் நான் அந்த ஒரே பேச்சைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஒரு உயிரைக் காப்பாற்ற என் பிள்ளையின் காது போயிற்று என்றால்கூட மனதை ஒருமாதிரி தேற்றிக்கொள்ளலாம். ஒன்றுக்கும் உதவாமல் போயிருக்கிறது. கடலில் கொட்டியிருந்தாலும் அதே பலன்தான்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரை உட்கார வைத்துச் சொன்னேன். கத்தவில்லை. டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். பாதி மாத்திரை உன் கூட்டாளியைக் காப்பாற்றவில்லை, அவர் தானாகவே எழுந்தார், நம் பிள்ளைக்கு மட்டும்தான் குறைந்தது என்று சொன்னேன். பிள்ளை உள்ளே விளையாடிக்கொண்டிருந்தாள். அவர் அவள் பக்கம் பார்ப்பார், அழுவார், காலில் விழுவார், குறைந்தது தலையில் அடித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். என்னதான் செய்தாலும் பெற்ற தகப்பன் இல்லையா.

அவர் பார்த்தது தரையைத்தான். பிறகு சொன்னார்.

"இத்த அவன்கிட்ட சொல்லிடாதே. தாங்க மாட்டான்."

நான் சொல்லவில்லை. அவருக்காக இல்லை, அந்த வஞ்சிரத்தைக் கொண்டுவந்து வைத்தாரே, அந்த மனுஷனுக்காக. வேறு ஏதோ காரணம் சொல்லி நானே அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். அவர் என் பேச்சைத் தட்டவில்லை, பயந்துகொண்டே வந்தார். அவர் உடம்பில் ஒன்றும் தங்கவில்லை என்றார்கள். அதற்கும் எனக்குத்தான் நன்றி சொன்னார். இன்றைக்கும் நல்ல மீன் கிடைத்தால் முதலில் எங்கள் வாசலுக்குத்தான் வருகிறது. என் பெண்ணின் கல்யாணத்தில் என் வீட்டுக்காரரைவிட அதிகம் ஓடியாடினவர் அவர்தான்.

என் பெண் பிரசவத்துக்கு வந்திருந்து, குழந்தை பிறந்து தவழ்கிற சமயத்தில், குழந்தைக்கு ஜுரம் வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. டாக்டர் ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் எழுந்தார், ஆணியில் தொங்கின சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, சீட்டுக்காகக் கையை நீட்டினார்.

"நீ உக்காரு" என்றேன்.

என் பெண்ணுக்கு எதுவும் தெரியாது. நாங்கள் சொன்னதில்லை. நல்ல காது இருக்கிற பக்கத்தை என் பக்கம் திருப்பி, "ஏம்மா, அப்பாதான் போறேன்றாரே, நீ ஏன் வெய்யில்ல?" என்றாள்.

"அப்பாவுக்குக் கால் வலி" என்றேன்.

அவர் சட்டையைக் கழற்றித் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார்.  நான் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். எத்தனை வேளை என்று கடைக்காரரிடம் கேட்டேன், திரும்ப ஒருமுறை கேட்டேன்.